அம்மா சொன்ன விலை

ரக்பியின் ஒரு முகாமிலிருந்து மறு முகாமுக்குத் தாவிய பில்லி பாஸ்டனை விகன் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. பிறந்த ஊரான கார்டிஃபுக்குத்தான் நினைவு வர 70 ஆண்டுகள் ஆயின.

மேசை மீது பவுண்டு நோட்டுகள். 1953-ம் ஆண்டு. வேல்ஸின் கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய டைகர் பே குடியிருப்பில், 11 பிள்ளைகள் பிறந்த வீடு. வந்திருந்தவர்கள் வடக்கு இங்கிலாந்தின் விகன் கிளப்பைச் சேர்ந்தவர்கள். 18 வயதுப் பையனை அழைத்துப் போக 1,500 பவுண்டு தருவதாகச் சொன்னார்கள். பையனுக்குப் போக மனமில்லை. இவர்களை விரட்ட ஒரே வழி என்று நினைத்த அம்மா, மூவாயிரம் என்றால் கையெழுத்துப் போடுவான் என்று ஒரு போடு போட்டார். அவர்களோ மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியவில்லை. பில்லி பாஸ்டன் விகன்காரர் ஆனார்.

கை நிறையப் பணம் வந்தும் ஏன் தயக்கம்? ரக்பி உலகம் அப்போது இரண்டாகப் பிளந்து கிடந்தது. வடக்கு இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள். ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போச்சு. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட அனுமதி கேட்டன அங்குள்ள கிளப்புகள். தலைமைப்பீடம் மறுத்தது. 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடித் தனி அமைப்புக் கண்டார்கள். பிற்பாடு அதுவே ரக்பி லீக். அணிக்கு 13 பேர். பழைய ஆட்டம் ரக்பி யூனியன். அணிக்கு 15 பேர்; ஆடுவதற்குக் காசு வாங்கினால் தீட்டு. லீகில் கையெழுத்திட்டவர் யூனியன் மைதானத்தில் மறுபடி கால் வைக்க முடியாது. நம்மூர் வழக்கில் சொன்னால் ஊர்விலக்கு.

வேல்ஸில் யூனியன் என்பது விளையாட்டு மட்டுமல்ல, ஊர்ப் பெருமை. கார்டிஃப் கிளப்புக்கும் வேல்ஸுக்கும் ஆட வேண்டும் என்பதுதான் பாஸ்டனின் கனவு. ராணுவக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆறு முறை எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தவர் அவர். ரக்பியில் இதற்கு 'டிரை' என்று பெயர். ஒரே ஆட்டத்தில் இரண்டு அடித்தாலே தோளில் தூக்குவார்கள். ஆனால் நடந்து போகிற தூரத்தில் இருந்த கார்டிஃப் கிளப்பிலிருந்து அழைப்பு வரவே இல்லை. அவருடைய அப்பா சியரா லியோன்காரர். வேல்ஸ் யூனியன் அணியில் ஒரு கறுப்பு வீரர் இடம்பெற 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை இதோடு சேர்த்துப் படிப்பது நல்லது.

விகனில் கதையே வேறு. அவருடைய முதல் ஆட்டம் இரண்டாம்நிலை அணிக்குத்தான். அதற்கே 8,000 பேருக்கு மேல் கூடினார்கள். சில ஆட்டங்கள் முடிவதற்குள்ளாகவே 1954 ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பயணத்துக்கு பிரிட்டன் அணியில் இடம். அங்கே 18 ஆட்டங்களில் 36 டிரை! கனத்த உடம்பு, அதற்குப் பொருந்தாத வேகம். எதிராளியைச் சுற்றியும் ஓடுவார். தேவைப்பட்டால் அவர் மேலேயே ஓடுவார்.

ஆனாலும் தோலின் நிறம் கூடவே வந்தது. 1957-ல் உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவில் முடிந்ததும் காட்சி ஆட்டங்களுக்காக அணி தென்னாப்பிரிக்கா போனது. அங்கே நிறவெறி ஆட்சி. பாஸ்டன் போகவில்லை, தனியே வீடு திரும்பினார். அவரை விட்டுவிட்டுப் போவது முறையா என்று யாரும் பெரிதாக அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

1968 வரை விகனுக்கு ஆடி 478 டிரை அடித்தார். ஆட்ட வாழ்க்கை முழுவதற்கும் கணக்கு 571. இதைவிட அதிகம் அடித்தவர் பிரையன் பெவன் ஒருவர்தான். ஓய்வுக்குப் பிறகு, மைதானத்துக்குப் பக்கத்திலேயே மதுக்கடை நடத்தினார். அந்த மைதானம் 1999-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது.

கார்டிஃபிலிருந்து இப்படி வடக்கே போனவர் அவர் மட்டுமல்ல. 1961-ல் ஹல் நகரக் கிளப்புக்குப் போன கிளைவ் சல்லிவன், 1972-ல் பிரிட்டன் அணிக்குத் தலைமை ஏற்று உலகக் கோப்பையை வென்றார். எந்த விளையாட்டிலும் பிரிட்டனின் தேசிய அணிக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பர் அவர்தான். ஹல்லில் ஒரு நெடுஞ்சாலைக்கே அவர் பெயர். அவர் 1985-ல், 42 வயதில் இறந்தபோது கார்டிஃபில் அவருக்குச் சிலை இல்லை.

1995-ல் யூனியனும் சம்பள ஆட்டமானது. நூறாண்டுத் தீட்டு ஒரே கூட்டத்தில் கழிந்தது. அதற்குப் பின் வீரர்கள் இரண்டு பக்கமும் தாராளமாகப் போய் வந்தார்கள். பத்திரிகைகளும் அதைத் துணிச்சல் என்று பாராட்டின.

2023 ஜூலையில் டைகர் பே பகுதியில் ஒரு வெண்கலச் சிலைத் தொகுதி திறக்கப்பட்டது. பாஸ்டன், சல்லிவன், அவர்களுக்கு முன்பே 1929-ல் வடக்கே போன கஸ் ரிஸ்மன் ஆகிய மூவரும் அதில் நிற்கிறார்கள். 2025 ஜூனில் பாஸ்டனுக்கு மன்னர் 'சர்' பட்டம் அளித்தார். ரக்பி லீகின் 130 ஆண்டு வரலாற்றில் அந்தப் பட்டம் பெற்ற முதல் வீரர் அவர். அப்போது அவருக்கு வயது 90.