சிரிப்பும் ஒரு வலிப்புதான்... தெரியுமா?

கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று நினைக்கிறீர்களா? சிரிப்பாகவே வந்துபோகும் வலிப்பும் உண்டு!

* பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நிற்கும். பார்வை ஒரே இடத்தில் நிலைக்கும். முகம் சிவக்கும். 'ஹெஹ்ஹெஹ்ஹே' என்று ஒரே தாளத்தில் சிரிப்பு கிளம்பி, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பலருக்கு மனதிலோ சந்தோஷம் துளியும் இருக்காது! சிலருக்குச் சிரிப்புக்குப் பதில் அழுகையே வலிப்பாக வரும்.

* 'ஜெலாஸ்டிக் வலிப்பு' என்று இதற்குப் பெயர் வைத்தவர்கள் டேலி, மல்டர் என்ற அமெரிக்க மருத்துவர்கள். ஆண்டு 1957.

* பெரும்பாலும் காரணம், மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸை ஒட்டியிருக்கும் ஹமார்டோமா என்ற கட்டி. பலருக்குச் சுண்டைக்காய் அளவுதான்! தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடும். புற்றுநோய் அல்ல, பரவவும் செய்யாது. ஸ்வீடன் நாட்டுக் கணக்குப்படி 2 லட்சம் பிள்ளைகளில் ஒருவருக்கு இந்தக் கட்டியால் வலிப்பு இருக்கிறது.

* கட்டி அவ்வளவு ஆழத்தில் இருப்பதால், தலையில் வயர் ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி. பல நேரம் 'நார்மல்' என்றே சொல்லும்! 1990-களில் மருத்துவர்கள் மெல்லிய மின்முனைகளைக் கட்டிக்குள்ளேயே இறக்கிப் பதிவு செய்தார்கள். வலிப்பு அங்கேயே கிளம்புவது அப்போதுதான் உறுதியானது.

* குழந்தைப் பருவத்தில் தொடங்கும் இந்தச் சிரிப்பு, பெரியவர்களானதும் சிலருக்கு வெறும் 'சிரிக்கணும்போல' உந்துதலாகச் சுருங்கிவிடும். பல்லைக் கடித்து அடக்கிவிடுவார்கள், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது! ஆனால் நினைவு தப்பும் வலிப்புகள் தனியே தொடரலாம். பெரியவரானபின் புதிதாகத் தொடங்கினால், நெற்றிப்புறத்திலோ பொட்டுப்புறத்திலோ உள்ள மூளைப் பகுதியும் காரணமாக இருக்கலாம்.

* 1998-ல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் அதிசயத் தகவல்! வலிப்பு நோயுள்ள 16 வயதுப் பெண்ணின் மூளையில், இடது நெற்றிப்புறத்தில் மருத்துவர்கள் லேசான மின்சாரம் செலுத்தினார்கள். புன்னகைத்தாள். மின்சாரத்தைக் கூட்டினார்கள், வாய்விட்டுச் சிரித்தாள். ஏன் சிரித்தாய் என்று கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு காரணம்: ஒருமுறை குதிரைப் படம், இன்னொரு முறை சுற்றி நின்ற மருத்துவர்களே!

* ஹமார்டோமா சிரிப்புக்கு மாத்திரைகள் பெரும்பாலும் எடுபடுவதில்லை. அப்புறம்? ஆபரேஷன்தான்! மெல்போர்ன் மருத்துவர்கள் இரண்டு மூளைப் பாதிகளுக்கும் நடுவே மேலிருந்து இறங்கிக் கட்டியை எடுத்தார்கள். ஜப்பானின் நீகாட்டாவில் ஊசி போன்ற கருவியைச் செலுத்தி, 74 டிகிரி செல்சியஸ் சூட்டில் 60 விநாடி பொசுக்கினார்கள். லேசர் முறையில், எம்.ஆர்.ஐ. திரையில் சூடு பரவுவதைப் பார்த்தபடியே கட்டியைச் சுடுகிறார்கள். காமா நைஃப் என்ற கதிர்வீச்சு முறையில் கத்தியே கிடையாது. சுமார் 200 கதிர்கள் ஒரே புள்ளியில் குவியும். பலன் தெரியத்தான் மாதங்கள், சிலருக்கு வருடங்கள்கூட ஆகும்.

* பெரியவர்களுக்கும் இந்த ஆபரேஷன் செய்கிறார்கள். முற்றிலும் குணமானவர்களும் உண்டு, ஓரளவே குறைந்தவர்களும் உண்டு. கட்டியை ஒட்டியே ஞாபக சக்திக்கான நரம்புப் பாதைகளும், பசி, தாகம், ஹார்மோன்களை ஆளும் பகுதியும் இருக்கின்றன. அதனால் ஞாபக மறதி, உடல் எடை கூடுவது போன்ற ஆபத்துகளை எடைபோட்ட பிறகே கருவியைக் கையில் எடுப்பார்கள்.

* வீட்டில் யாருக்காவது காரணமே இல்லாமல், திரும்பத் திரும்ப, ஒரே மாதிரிச் சிரிப்பு வருகிறதா? 'கிறுக்கு', 'பேய்' என்று பேர் வைக்காதீர்கள். செல்போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இ.இ.ஜி. கோட்டைவிட்டதை அந்த அரை நிமிட வீடியோ பிடித்துக் கொடுத்துவிடலாம்!