காத்திருப்பின் கணக்கு

தென்காசி மாவட்டத்தில் மேலகரத்துக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்துக்கு அலுவலகம் இருப்பது ஊரறிந்த சங்கதி. அந்த நிறுவனம் எதைச் செய்து தொழிலுக்கு வந்தது என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 1996-ல் தொடங்கியபோது அதற்குப் பெயர் அட்வென்ட்நெட். ரவுட்டர், சுவிட்ச் போன்ற கருவிகள் தமக்குள்ளே வைத்திருக்கும் எண்ணிக்கைகளை எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை வழியே கேட்டு வாங்கிக் காட்டும் மென்பொருள்களைத்தான் அது முதலில் எழுதியது. 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2011-ல் தென்காசிப் பக்கம் வந்தது.

கணினிக்காரர்கள் அந்த எண்ணிக்கைகளைக் கவுண்ட்டர் என்பார்கள். வீட்டு ஈ.பி. மீட்டர் மாதிரி அது ஏறிக்கொண்டே போகும், இறங்காது. மீட்டரில் 48,210 என்று இருப்பதைப் பார்த்து யாரும் பில் போட முடியாது. இரண்டு மாதத்துக்கு முன் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் கணக்கு. கவுண்ட்டரிலும் இரண்டு வாசிப்புகளுக்கு இடையிலான வித்தியாசம்தான் செய்தி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய கவுண்ட்டர்கள் 32 பிட் அளவுள்ளவை. 429 கோடியைத் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். விநாடிக்கு 10 மெகாபிட் ஓடிய காலத்தில், பைட்டுகளை எண்ணும் கவுண்ட்டர் ஒரு சுற்று சுற்றிவர சுமார் 57 நிமிடம் ஆனது. ஒரு கிகாபிட் இணைப்பில் 34 விநாடி போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறவருக்கு இடையில் எத்தனை சுற்று போனது என்றே தெரியாது. 64 பிட் கவுண்ட்டர்கள் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது.

ரவுட்டரில் ஓடுகிற பைட்டை எண்ணுவது எளிது. ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதை எப்படி எண்ணுவது? என்.எஃப்.எஸ். என்ற நெட்வொர்க் கோப்பு முறைக்கு வந்தால் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980-களின் நடுவில் உருவாக்கியது அது. கோப்பு இருப்பது வேறொரு சர்வரில். ஆனால் நம் கணினியிலேயே இருப்பதுபோல் திறக்கலாம், எழுதலாம். நிரலுக்கு வித்தியாசமே தெரியாது. அதன் அழகும் அதுதான், ஆபத்தும் அதுதான். தாமதம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியாமல் போகிறது. சர்வரைக் கேட்டால், "என்னிடம் வந்த கோரிக்கையை உடனே முடித்துவிட்டேனே" என்னும். அது பொய்யல்ல. கோரிக்கை கிளம்புமுன் வரிசையில் நின்றதும் வழியில் அலைந்ததும் சர்வரின் கண்ணில் படாது. ஆகவே காத்திருப்பின் கணக்கை, கேட்கிறவர் பக்கத்தில், அதாவது கிளையன்ட்டில்தான் வைக்க வேண்டும்.

லினக்ஸ் அதை 'மவுண்ட்ஸ்டாட்ஸ்' என்ற கோப்பில் வைத்திருக்கிறது. படி, எழுது, கோப்பின் விவரம் சொல் என்று ஒவ்வொரு வகை வேலைக்கும் ஒரு வரி. எத்தனை முறை கேட்டோம், எத்தனை முறை அனுப்பினோம் என்பதில் தொடங்கி எண்கள் வரிசையாக வரும். முன்னதைவிடப் பின்னது கூடியிருந்தால் மறுபடி அனுப்ப நேர்ந்தது என்று பொருள். அந்த வரியில் எனக்கு முக்கியமாகப் படுபவை மூன்று நேரங்கள்: கிளையன்ட்டின் வரிசையில் நின்றது, அனுப்பியதிலிருந்து பதில் வரும்வரை ஆனது, தொடக்கம் முதல் முடிவு வரை மொத்தமாக ஆனது. மூன்றும் மில்லி விநாடியில். வரிசை நேரம் ஏறினால் நம் கணினியிலேயே நெரிசல். பதில் நேரம் ஏறினால் கேபிளையோ சர்வரையோ பார்க்க வேண்டும்.

இன்னொரு வரி பைட்டுகளுக்கு. நிரல் கேட்ட பைட்டுகள் ஒரு பக்கம், சர்வரிலிருந்து உண்மையில் வந்த பைட்டுகள் இன்னொரு பக்கம். முதலாவது மிகப் பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருந்தால், ஒருமுறை வாங்கியதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு கேச் நன்றாக உழைக்கிறது என்று நம்பலாம்.

இந்த எண்களெல்லாம் அந்தக் கோப்பு முறையை இணைத்த நாளிலிருந்து கூட்டப்படுபவை. மாதக்கணக்கில் ஓடும் கணினியில் இது எப்படி ஏமாற்றும் என்று பாருங்கள். இதுவரை 10 கோடி முறை படித்திருக்கிறோம், சராசரி 2 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். இன்று காலை ஒரு லட்சம் முறை படித்ததில் ஒவ்வொன்றுக்கும் 100 மில்லி விநாடி ஆகிறது. அலுவலகமே புலம்புகிறது. மொத்தச் சராசரியோ 2.1 கூட ஆகியிருக்காது! அந்த எண்ணைக் காட்டி "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று சாதிப்பவர்கள் உண்டு. இப்போது ஒன்று, பத்து விநாடி கழித்து ஒன்று என்று இரண்டு முறை வாசித்து, நேரத்தின் வித்தியாசத்தை வேலை எண்ணிக்கையின் வித்தியாசத்தால் வகுத்தால் 100 என்ற எண் தானாக முன்னால் வந்து நிற்கும். 'என்எஃப்எஸ்ஐஓஸ்டாட்' என்ற கட்டளை இந்தக் கழித்தலையும் வகுத்தலையும் நமக்காகச் செய்துவிடுகிறது.

கழித்துப் பார்த்தாலும் தப்பிவிடும் ஒன்று உண்டு. ஒரு வேலை முடிந்த பிறகுதான் அதன் நேரம் வரியில் ஏறும். சர்வர் அடியோடு வாயை மூடிக்கொண்டால், 'ஹார்ட் மவுண்ட்' முறையில் இணைத்த கிளையன்ட் பதில் வரும்வரை விடாமல் காத்துக்கொண்டே இருக்கும். எதுவும் முடியாததால் எந்த நேரமும் கூடாது. மோசமான நாளில் இந்த நேரங்களின் வரைபடம் அமைதியாகப் படுத்துக் கிடக்கும். கணினியின் லோட் மட்டும் ஏறும், சி.பி.யூ.வோ சும்மா இருக்கும். அப்போது இந்த நேரங்களை விட்டுவிட்டு, அதே கோப்பில் இணைப்பைப் பற்றிச் சொல்லும் வரிக்குப் போக வேண்டும். அனுப்பிய கோரிக்கைகளுக்கு ஒரு கவுண்ட்டர், வந்த பதில்களுக்கு ஒரு கவுண்ட்டர் என்று இரண்டு அங்கே இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் விழும் இடைவெளி, அனுப்பிவிட்டுப் பதிலுக்காக நாம் காத்திருக்கும் கோரிக்கைகளைக் காட்டுகிறது.