செம்மறி ரத்தமும் தர்பூசணியும்

‘ஆர்ஏ பாசிட்டிவ்’ என்று ரிப்போர்ட்டில் பார்த்ததுமே முடக்குவாதம் வந்துவிட்டதென்று கலங்கிப்போகிறவர்கள் உண்டு. அந்தப் பரிசோதனை பிறந்த கதை தெரிந்தால் இவ்வளவு கலங்க மாட்டார்கள்.

1937இல் ஓஸ்லோவில் எரிக் வாலர் என்ற மருத்துவர், செம்மறியாட்டின் சிவப்பணுக்களை வைத்து வேறு எதையோ சோதித்துக்கொண்டிருந்தார். முயலின் எதிர்ப்பொருள் ஒட்டிய அணுக்கள் அவை. முடக்குவாத நோயாளி ஒருவரின் சீரம் பட்டதும் உடைய வேண்டிய அணுக்கள், பால் திரிந்ததுபோல் கட்டி கட்டியாகத் திரண்டன. எதிர்ப்பொருளையே போய்ப் பிடிக்கும் இன்னோர் எதிர்ப்பொருள் அந்த ரத்தத்தில் இருந்தது. அதைத்தான் இன்று ஆர்ஏ ஃபேக்டர் என்கிறோம். 1948இல் நியூயார்க்கில் ஹாரி ரோஸ் குழுவினர் மறுபடி கண்ட பிறகு வாலர்-ரோஸ் பரிசோதனை என்ற பெயர் நிலைத்தது.

ஆனால் இந்த ஃபேக்டர் ஆள் பார்த்து வருவதில்லை. ஹெபடைட்டிஸ் சி, காசநோய் உள்ளவர்களிடமும், ஒரு நோவும் இல்லாத முதியவர்கள் சிலரிடமும் தென்படும். முடக்குவாதம் உள்ளவர்களிலோ நூற்றுக்கு 20, 30 பேரிடம் இருக்காது.

இன்னும் நம்பகமான ஆன்டி-சிசிபி என்ற பரிசோதனைக்கு வழிவகுத்தது, 1998இல் நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள் கண்டது. அழற்சி உள்ள இடத்தில் ஒரு நொதி, புரதத்திலுள்ள ஆர்ஜினினைச் சிட்ருலினாக மாற்றிவிடுகிறது. சொந்தப் புரதமே வேற்றாளாகத் தெரிய, முடக்குவாதக்காரர்களின் உடல் எதிர்ப்பொருளோடு அதன்மேல் பாய்கிறது; ஆன்டி-சிசிபி தேடுவது அந்த எதிர்ப்பொருளைத்தான். சிட்ருலின் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது தர்பூசணியிலிருந்து. பெயரும் அதன் தாவரப் பெயரான சிட்ருல்லஸிலிருந்து வந்ததே. அதற்காகப் பழத்தை ஒதுக்க வேண்டாம். தின்ற சிட்ருலின் புரதத்துக்குள் போய் உட்காராது.

2004இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றுதான் எனக்குப் பெரிய வியப்பு. முன்பு ரத்ததானம் செய்து, பின்னாளில் முடக்குவாதம் வந்த 79 பேரின் சேமித்த ரத்தத்தைத் தேடியெடுத்துச் சோதித்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேரிடம், விரல் வீங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்த எதிர்ப்பொருள்களில் ஒன்றாவது இருந்திருக்கிறது.

நோய் உறுதியான பிறகு ஆன்டி-சிசிபியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது வீண் செலவு. இன்றைக்கு நோய் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று அது சொல்லாது. அதற்கு இருப்பவை ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற பழைய சோதனைகள். அழற்சி இருந்தால் சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு குழாயில் வேகமாக அடியில் இறங்கும்; அந்த வேகமே ஈஎஸ்ஆர். ரத்தசோகை இருந்தாலும் அது கூடும். சிஆர்பி, கல்லீரல் சுரக்கும் புரதம். அழற்சி தணிந்தால் சில நாளில் இறங்கிவிடும்.

அதிலும் ஒரு கோளாறு. முடக்குவாதத்துக்குத் தரும் டோசிலிசுமாப் போன்ற மருந்துகள், சிஆர்பியைச் சுரக்கச் சொல்லி கல்லீரலுக்குப் போகும் கட்டளையையே மறித்துவிடுகின்றன. மூட்டு வீங்கியிருக்கும், ரிப்போர்ட்டில் எண் சுத்தமாக இருக்கும். அப்போது மருத்துவர் தாளை ஓரமாக வைத்துவிட்டு, தோள்பட்டையிலிருந்து முழங்கால் வரை 28 மூட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி, ‘இங்கே வலிக்குதா?’ என்று கேட்கிறார்.