ஒருபொருட் சொற்களும் ஆங்கில வழக்கும்

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் ஆங்கிலத்திற் கட்டுரையொன்று எழுதினான். நோயுற்ற பாட்டனாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றதைக் கூறி, மருந்துண்ணும் முறை பற்றித் தான் மருத்துவரை 'இன்ரெறகேற்' செய்ததாக முடித்திருந்தான். பணிவுடன் கேட்டறிந்தான் என்பதே அவன் கருத்து. அச்சொல்லோ, பொலிசார் ஐயத்துக்குரியாரை இருத்தி விசாரித்தலைக் குறிப்பது. யான் சிவப்பு மையினாற் பிழையிட்டேன். அவன் ஒன்றும் பேசாது தன் குறிப்பேட்டைத் திறந்து காட்டினான். 'ஆஸ்க், குவெஸ்சன், இன்ரெறகேற் – கேட்டல்' என்று அதில் இருந்தது. அதனை எழுதுவித்தவன் யானே.

நிகண்டை மனனஞ் செய்து வளர்ந்த மரபு நம்முடையது. கிளி, கிள்ளை, தத்தை என்பன ஒரு பறவையையே குறிப்பன. செய்யுளில் ஓசைக்கேற்ப ஒன்றனிடத்தில் மற்றொன்று நிற்றல் அமையும். ஆங்கிலச் சொற்களையும் அவ்வாறே நிரல்படுத்திக் கற்பித்தல் ஆசிரியருக்கு எளிது. கற்பார்க்கோ இடர் விளைப்பது. அம்மொழியில் ஒரு கருத்துக்குப் பல சொற்கள் வந்த வரலாற்றை நோக்கின் இதன் காரணம் புலனாகும்.

'ஆஸ்க்' என்பது ஆங்கிலத்தின் பழஞ்சொல். கி. பி. 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. நீதிமன்ற வழக்குரைகள் ஆங்கிலத்தில் நிகழவேண்டுமென 1362ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. 'குவெஸ்சன்' என்பது பிரெஞ்சின் வழி வந்தது. பின்னர்க் கல்வி மறுமலர்ச்சியை ஒட்டி இலத்தீனச் சொற்கள் பெருவாரியாக நுழைந்தன. 'இன்ரெறகேற்' இலத்தீன அடியிற் பிறந்தது. பழஞ்சொல் வீட்டிலும் வீதியிலும் நின்றது. பிரெஞ்சுச் சொல் அவையேறியது. இலத்தீனச் சொல் ஏட்டிலும் அலுவலகத்திலும் இடம்பெற்றது. இது முற்றும் பொருந்தும் விதியன்று. எனினும் பெரும்பான்மை பற்றிக் கொள்ளத்தக்கது.

'மதர்லி', 'மற்றேணல்' என்னும் இரண்டனையும் நோக்குக. இரண்டுக்கும் 'தாய்க்குரிய' என்றே அகராதி பொருள் தரும். ஆயினும், அன்புள்ள ஆசிரியை ஒருவரை 'மதர்லி' எனலாம். பிள்ளை பெறாதவரும் அச்சொல்லுக்கு உரியவரே. தாய்மாமனைக் குறிக்க 'மற்றேணல்' என்பதே வேண்டும். அவரை 'மதர்லி' அங்கிள் என்றால் உறவு மறைந்து நகை பிறக்கும். முன்னது இயல்பையும் பின்னது பெரும்பாலும் உறவுமுறையையும் சுட்டுகின்றன.

வரலாறு மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. 'சைல்டிஷ்', 'சைல்ட்லைக்' என்னும் இரண்டும் 'குழந்தை' என்னும் ஒரே பழஞ்சொல்லின் அடியாகப் பிறந்தவை. முதலாவது, வளர்ந்தவரின் சிறுபிள்ளைத்தனத்தை இகழ்வது. மற்றையது, கள்ளமின்மையைப் புகழ்வது. பெரியார் ஒருவரைப் பாராட்ட எழுந்தவர் இவற்றை மாற்றியுரைப்பின் பாராட்டே பழிப்பாகும்.

இனி, சொற்கள் தமக்கேற்ற துணையையும் நாடுவன. சாயம் மிக்க தேநீரை 'ஸ்ரோங்' என்பர், 'பவர்புல்' என்னார். இயந்திரமோ 'பவர்புல்' ஆதல் பொருந்தும். சொல்லின் பொருளை அதனோடு கூடிவரும் சொற்களைக் கொண்டும் அறிதல் வேண்டுமென மொழியியலறிஞர் ஜே. ஆர். பேர்த் (1890–1960) வற்புறுத்தினார். 1755இல் வெளிவந்த சாமுவேல் யோன்சனின் அகராதி, ஆசிரியர் பலரின் வாக்கியங்களை மேற்கோளாகக் காட்டிற்று. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஒக்ஸ்போட் பேரகராதியும் அந்நெறியையே விரிவாகக் கைக்கொண்டது. பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு மேற்கோளை விட்டுவிடுதல், மாம்பழத்தின் தோலைக் கொண்டு சதையை எறிவதை ஒக்கும்.

ஆதலின் மாணவர்காள், புதுச்சொல் ஒன்றைக் கண்டவிடத்து மூன்றனைக் குறித்துக்கொள்ளுங்கள்: அது நின்ற வாக்கியம், அதனை யார் யாருக்குக் கூறினார் என்பது, அதனோடு சேர்ந்துவந்த சொல். ஒரு நாளில் இருபது சொற்களை மனனஞ் செய்தலினும் இரண்டு சொற்களை இவ்வாறு அறிதல் நன்று. பெரிய சொல்லே சிறந்த சொல் என்னும் மயக்கமும் வேண்டா. மருத்துவரிடம் கேட்டறிய 'ஆஸ்க்' என்னும் சிறுசொல்லே போதும்.

அம்மாணவனின் குறிப்பேட்டில் யான் எழுதுவித்த வரியை மறுநாள் யானே சிவப்பு மையினால் அடித்தேன். வகுப்பார் அனைவரும் தத்தம் ஏட்டில் அவ்வாறே செய்தனர். அன்று முதல் வாக்கியமின்றிச் சொற்பொருள் எழுதுவித்தலை விட்டேன்.