முன்வரிசைக்காரர் தலை

தில்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கை இடித்து, 102 ஏக்கரில் விளையாட்டு நகரம் அமைக்கப் போவதாக 2025 நவம்பரில் செய்தி வந்தது. 1982 ஆசிய விளையாட்டுக்குக் கட்டி, 2010 காமன்வெல்த் போட்டிக்குப் புதுப்பித்த அரங்கம் அது. இத்தகைய அறிவிப்புகளில் ‘உலகத் தரம்’, ‘பன்னோக்கு’ என்ற இரண்டும் தவறாமல் வரும். உலகத் தரத்தை அளக்கக் கோல் கிடையாது. பன்னோக்கை அளக்கலாம்.

அதற்குப் பார்வைக்கோடு உதவும். கேலரியில் உட்கார்ந்தவரின் கண்ணிலிருந்து மைதானத்தின் கிட்டத்து விளிம்புக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். அது முன்வரிசைக்காரர் கண்ணுக்கு எத்தனை செ.மீ. மேலே போகிறது? கண்ணிலிருந்து உச்சந்தலை சுமார் 12 செ.மீ. ஆகவே 12 கிடைத்தால் அருமை, 9 பரவாயில்லை, 6 என்றால் எக்கிப் பார்க்க வேண்டியதுதான்.

ருசிகரமானது இனிமேல்தான். எல்லாப் படிகளும் ஒரே உயரமாக இருந்தால் இந்த இடைவெளி பின்னால் போகப் போகக் குறையும். குறையாதிருக்க ஒவ்வொரு படியும் முந்தையதைவிட உயரவேண்டும். முதல் வரிசைக் கண் மைதான விளிம்பிலிருந்து 6 மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். படி அகலம் 80 செ.மீ.; இடைவெளி 9 செ.மீ. என்று வைத்தால், முதல் படி 30 செ.மீ. ஏறும். இருபதாவது படி 41 செ.மீ. கேலரி சாய்தளமாக இல்லாமல் வளைந்து நிமிர்கிறது.

தில்லி மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியின் குரூப் போட்டோவை எண்ணிப்பாருங்கள். முதல் வரிசை தரையில், அடுத்தது நாற்காலியில், மூன்றாவது நின்றபடி, நான்காவது பெஞ்சின்மேல். ஒன்பதாவது வரிசை இருந்தால் தலைமையாசிரியர் அறை பீரோமேல்தான் ஏறவேண்டும். போட்டோக்காரர் தெருவுக்கு எதிர்ப்புறம் போய்விட்டால் தாழ்ந்த பெஞ்சே போதும். எல்லார் தலையும் தெரியும், ஆனால் கடுகளவில்.

கால்பந்தும் தடகளமும் ஒரே அரங்கில் நடந்தால் அந்தப் போட்டோக்காரர் கதிதான். 400 மீட்டர் ஓடுதளத்தில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர், எட்டுத் தடங்களின் அகலம் 9.76 மீட்டர். நடுவே 105க்கு 68 மீட்டர் கால்பந்துத் திடலை வையுங்கள். பக்கவாட்டுக் கோட்டிலிருந்து ஓடுதளத்தின் வெளிவிளிம்பு 12 மீட்டர். கோல் கோட்டிலிருந்தோ 36 மீட்டர்! கேலரி அதற்கும் அப்பால். முன்னால் இருப்பவர் தலை மறைக்காது, பந்துதான் தெரியாது.

வரலாறு வேண்டுவோருக்கு: பார்வைக்கோட்டு வளைவை 1838இல் எழுதியவர் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல், கால்வாயில் ஓடிய ஒற்றை அலையைக் குதிரையில் துரத்திய அதே மனிதர். கல்லூரி அமெரிக்கக் கால்பந்துக்காக ஹார்வர்டு 1903இல் கான்கிரீட் அரங்கம் கட்டியது. அந்த ஆட்டத்தின் வன்முறையைக் குறைக்கத் திடலை அகலமாக்கலாம் என்ற யோசனை, அந்தக் கான்கிரீட் விலகாது என்பதால் கைவிடப்பட்டது. பதிலாக, பந்தை முன்னால் எறிய 1906இல் அனுமதித்தார்கள். கட்டடம் விதியை மாற்றிய கதை.

பாரிஸை ஒட்டிய ஸ்டாட் தெ பிரான்ஸ் அரங்கில் கீழ்த்தட்டு நகரும். தடகளத்துக்குப் பின்னால் போகும், கால்பந்துக்கு முன்னால் வரும். பன்னோக்கு என்பதற்குப் பொறியியல் விடை இதுதான். அது மலிவல்ல.

புதிய அரங்கின் வரைபடம் வெளிவரும்போது கூரையை ரசிப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: கோல் கோட்டிலிருந்து முதல் இருக்கை எத்தனை மீட்டர்?