ஏர் ஃபில்டரை மாற்றியதும் செக் என்ஜின் லைட் எரிகிறதா? சென்சார் வாங்கும் முன் இதைப் படிங்க!

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. பெரியம்மாவுக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது மணிக்கு அப்பாயின்ட்மென்ட். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஆறு மணிக்கே கிளம்பிவிட்டோம். அண்ணன் கார் ஓட்ட, பின் சீட்டில் பெரியம்மாவும் நானும். கீழம்பி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறி, தாமலைக் கடந்து கொஞ்ச தூரம் போயிருப்போம். முன்னால் போன லாரியை ஓவர்டேக் எடுக்க அண்ணன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

வண்டி நகர மறுத்தது. 80-ல் போய்க்கொண்டிருந்த கார் 50-க்கு இறங்கியது. மீட்டரில் மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் போட்ட லைட் எரிந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி எங்களை உரசுவது போல் கடந்துபோனது. பெரியம்மா என் கையைப் பிடித்தவர், காவேரிப்பாக்கம் வரும்வரை விடவேயில்லை.

இந்த லைட் அன்றைக்குத்தான் முதல் முறையாக எரிந்தது என்று நினைத்தேன். இல்லையாம். மூன்று வாரமாகவே எரிந்து எரிந்து அணைந்திருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன் என்ன நடந்தது?

அண்ணன் ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் கார். "பிக்கப் கூடும், சவுண்டும் சூப்பரா இருக்கும்" என்று நண்பர்கள் சொன்னதைக் கேட்டு, கம்பெனி ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவ ஓப்பன் ஃபில்டர் ஒன்றை மாட்டியிருக்கிறார். ஃபில்டர் 3,500 ரூபாய். அதை என்ஜினோடு இணைக்க ஒரு லேத் பட்டறையில் அலுமினிய பைப் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

நான்காவது நாளே லைட் எரிந்தது. ஒரு கடையில் ஸ்கேனர் போட்டு கோடை அழித்துக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் மறுபடி வந்தது. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினார். மறுபடி வந்தது. இன்னொரு இடத்தில், "ஏர் ஃப்ளோ சென்சார் போச்சு, 7,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். சம்பளம் வரட்டும் என்று அண்ணன் தள்ளிப்போட்டார். அந்தச் சமயத்தில்தான் வேலூர் பயணம்.

வேலூர் போய்த் திரும்பிய மறுநாள், செவிலிமேடு பக்கம் இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினோம். அவர் ஸ்கேனரை எடுக்கும் முன்னாலேயே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, கடைசியா வண்டில என்ன மாத்துனீங்க?"

அந்த லைட் எதற்கு இருக்கிறது?

நம் காருக்குள் இசியு என்ற சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, எவ்வளவு எரிபொருள் தெளிக்க வேண்டும், புகையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று அது சென்சார்கள் மூலம் கவனித்துக்கொண்டே இருக்கும். எதிர்பார்த்த எண்ணுக்கும் வந்த எண்ணுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தொடர்ந்தால், ஒரு கோடைப் பதிவு செய்துவிட்டு லைட்டை எரியவிடும். இந்த முறைக்குப் பெயர் ஓபிடி. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 கட்டாயமானது. இந்தியாவில் 2013 ஏப்ரலில் இருந்து கார்களுக்கு ஓபிடி-2 வந்தது. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 விதி அமலான பிறகு கண்காணிப்பு இன்னும் கறாராகிவிட்டது.

லைட் எரியும் விதத்தையும் கவனியுங்கள். விடாமல் எரிந்து, வண்டி வழக்கம்போல் ஓடினால், நிதானமாக ஓட்டிச் சென்று சீக்கிரம் காட்டலாம். மினுக் மினுக் என்று சிமிட்டினால் பெரும்பாலும் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்டரைக் கெடுத்துவிடும். அது விலை அதிகமான பாகம். அப்போது வண்டியை ஓரம் கட்டுவதுதான் நல்லது. எங்களுக்கு நடந்தது போல் இழுவை திடீரென்று குறைந்தால், ஹஸார்ட் லைட்டைப் போட்டு இடது ஓரம் வந்துவிடுங்கள்.

ஃபில்டர் மாற்றினால் ஏன் லைட் எரிகிறது?

பெரும்பாலான டீசல் கார்களிலும் சில பெட்ரோல் கார்களிலும் ஏர் ஃபில்டரை அடுத்த பைப்பில் 'மாஸ் ஏர் ஃப்ளோ' சென்சார் இருக்கும். சுருக்கமாக மாஃப் சென்சார். சூடாக்கப்பட்ட மெல்லிய கம்பி அல்லது தகடு ஒன்று அதற்குள் இருக்கிறது. கடந்துபோகும் காற்று அதை எவ்வளவு குளிரவைக்கிறது என்பதை வைத்து, எவ்வளவு காற்று போகிறது என்று இசியு கணக்குப் போடுகிறது.

அந்தக் கணக்கு கம்பெனி பைப்பின் அளவுக்கு மட்டுமே பொருந்தும். எங்கள் வண்டியில் நடந்த தவறு இதுதான். மெக்கானிக் அளந்து பார்த்தபோது, கம்பெனி பைப்பின் உள்விட்டம் 60 மில்லிமீட்டர். பட்டறைக்காரர் செய்த பைப் 70 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பைப்பின் பரப்பளவு 36 சதவீதம் கூடிவிடுகிறது. அதே அளவு காற்று அகலமான பைப்பில் போகும்போது வேகம் கால் பங்குக்கு மேல் குறைகிறது. சென்சார் மெதுவான காற்றைப் பார்த்து, "காற்று குறைவாக வருகிறது" என்று சொல்கிறது. டீசல் வண்டி என்றால், புகை வராமல் இருக்க இசியு டீசலையும் குறைக்கிறது. தவறு பெரிது என்று முடிவு செய்தால், என்ஜினைக் காப்பாற்ற இழுவையையே குறைத்துவிடுகிறது. தாமல் தாண்டி எங்களுக்கு நடந்தது அதுதான்.

சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் மாஃப் சென்சார் கிடையாது. அதற்குப் பதில் மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இருக்கும். அந்த வண்டிகளில் பைப் அகலம் அவ்வளவு பாதிக்காது. ஆனால் ஃபில்டர் பாக்ஸில் அல்லது பைப்பில் காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சார் தனியாக இருந்தால், புதிய ஃபில்டர் மாட்டும்போது அதன் கப்ளரை மாட்ட மறந்துவிடுவார்கள். அப்போது இசியு, வெளியே மைனஸ் 40 டிகிரி குளிர் என்று நினைத்துக்கொள்ளும். காஞ்சிபுரத்து மே மாத வெயிலில்!

வரிசையாக என்ன பார்க்க வேண்டும்?

செலவே இல்லாததில் தொடங்கி, செலவு வைப்பதைக் கடைசியில் பாருங்கள்.

1. கோடைப் படியுங்கள், அழிக்காதீர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் மாட்டும் ப்ளூடூத் ஸ்கேனரை போனில் ஆப் மூலம் இணைத்து நாமே படிக்கலாம். கோடை போனில் போட்டோ எடுத்து வையுங்கள். பி0101, பி0102 என்றால் மாஃப் சென்சார் தரும் அளவில் சிக்கல். பி0113 என்றால் காற்று வெப்பநிலை சென்சாரின் இணைப்பு விட்டிருக்கலாம். பி0171 என்றால் பெட்ரோல் வண்டியில் எரிபொருளைவிடக் காற்று அதிகமாகப் போகிறது. கோடு என்பது எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதற்கான முகவரி மட்டுமே. எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று அது சொல்வதில்லை.

2. கப்ளர்களைப் பாருங்கள். இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு, ஃபில்டர் பக்கம் இருக்கும் ஒவ்வொரு கப்ளரும் 'கிளிக்' என்று உட்கார்ந்திருக்கிறதா, வயர் இழுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

3. கிளாம்ப், ஹோஸ் எல்லாம் இறுக்கமா? மாஃப் சென்சாரைத் தாண்டிய பிறகு எங்காவது இடைவெளி இருந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே புகும். பழைய பாக்ஸோடு இணைந்திருந்த சின்ன ரப்பர் குழாய்களை மறந்து திறந்தபடி விட்டிருந்தாலும் இதேதான். பெட்ரோல் வண்டியில் ஸ்கேனர் ஆப்பில் 'ஃப்யூயல் ட்ரிம்' என்ற எண்ணைப் பாருங்கள். ஐடிலில் அதிகமாக இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் குறைந்தால் காற்றுக் கசிவைச் சந்தேகிக்கலாம். ஆர்பிஎம் ஏற ஏற அதுவும் ஏறினால் மாஃப் சென்சார் அல்லது பெட்ரோல் சப்ளை பக்கம் பார்க்க வேண்டும்.

4. சென்சார் திசை சரியா? மாஃப் சென்சாரில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். அதைத் திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

5. எண்ணெய் படிந்திருக்கிறதா? துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் காட்டன் ஃபில்டர்களுக்கு எண்ணெய் போடுவார்கள். அளவு கூடினால் அது சென்சார் கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கென்றே விற்கும் மாஃப் கிளீனர் ஸ்ப்ரேயை மட்டும் அடித்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். துணி, பட்ஸ், விரல் எதுவும் படக் கூடாது. கார்ப் கிளீனரும் வேண்டாம்.

6. பழைய பாக்ஸைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். மிக முக்கியமான பரிசோதனை இதுதான். கம்பெனி பாக்ஸையும் பைப்பையும் மாட்டி, கோடை அழித்துவிட்டு, நான்கைந்து நாள் ஓட்டுங்கள். லைட் வரவில்லை என்றால் சென்சார் நன்றாக இருக்கிறது, புதிதாக மாட்டியதில்தான் தவறு. அப்போதும் வந்தால் மட்டுமே சென்சாரைச் சோதிக்க வேண்டும். பழுது சரியாகிவிட்டால், பொதுவாக மூன்று முறை தவறில்லாமல் ஓடி முடித்த பிறகு லைட் தானாகவும் அணைந்துவிடும்.

எங்கள் வீட்டில் கம்பெனி பாக்ஸ் பரணில், பழைய ஜக்கார்டு அட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை மாட்டியதும் லைட் போனது. 7,000 ரூபாய் சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் வாங்கியது இரண்டு புது கிளாம்ப் மட்டும்.

உண்மையில் பிக்கப் கூடுகிறதா?

அண்ணனிடம் இதைத்தான் கேட்டேன். "கூடின மாதிரி இருந்துச்சு" என்றார். ஓப்பன் ஃபில்டரில் காற்று உறிஞ்சும் சத்தம் கூடுவதால் வண்டி வேகமாகப் போவது போல் தோன்றும். ஆனால் பானெட்டுக்குள் திறந்தபடி இருக்கும் ஃபில்டர் என்ஜின் சூட்டையும் சேர்த்து உறிஞ்சுகிறது. வெளியே 35 டிகிரி, பானெட்டுக்குள் 65 டிகிரி என்று வைத்துக்கொண்டால், காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைந்துவிடும். கம்பெனி பாக்ஸுக்கு முன்னால் கிரில் பக்கம் நீளும் அந்த பிளாஸ்டிக் குழாய், வெளிக்காற்றைக் குளிர்ச்சியாக எடுப்பதற்காகவே வைத்தது.

"சரி, ஃபில்டரை பம்பருக்குக் கீழே இறக்கிவிடலாமே?" என்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். தேங்கிய தண்ணீரில் போகும்போது கீழே இருக்கும் ஃபில்டர் தண்ணீரை உறிஞ்சினால், என்ஜினுக்குள் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். தண்ணீரை அழுத்திச் சுருக்க எந்த என்ஜினாலும் முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி சொன்ன அதே அளவு ஃபில்டரை மாற்றுவது சாதாரணப் பராமரிப்பு. ஆனால் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பையே மாற்றுவது வேறு விஷயம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று, கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. வாரன்டி இருக்கும் வண்டி என்றால், மாற்றத்தால் வந்த பழுதுக்கு கம்பெனி பொறுப்பேற்க மறுக்கலாம். எனவே கம்பெனி பாக்ஸைப் பழைய இரும்புக்குப் போடாமல் பத்திரமாக வையுங்கள்.

வண்டி சரியான அன்று சாயங்காலம், தறியில் இருந்தபடியே பெரியப்பா எல்லாக் கதையையும் கேட்டார். பிறகு சிரித்தார். "புடவைல டிசைன் மாறிப் போச்சுன்னா நாங்க தறிய மாத்த மாட்டோம். கடைசியா எந்த இழையில, எந்த அட்டையில கை வெச்சோம்னுதான் போய்ப் பார்ப்போம். அந்த மெக்கானிக் கேட்டதும் அதானே?"

போன வாரம் பெரியம்மாவை மறுபடி வேலூர் கூட்டிப் போனோம். அதே தாமல், அதே லாரிக் கூட்டம். அண்ணன் ஓவர்டேக் எடுத்தபோது பெரியம்மா என் கையைப் பிடித்தார். லாரியைத் தாண்டியதும் விட்டுவிட்டார்.