எலும்பில் ஒளிந்த விதை



காலபோக விதைப்பின்போது கண்டாவளை வயல்வெளியில் நின்று பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வீசிய நெல்லெல்லாம் முளைப்பதில்லை. தனக்கேற்ற மண்ணில் விழுந்ததே வேர்கொள்ளும். புற்றுநோய் பரவுவதற்கும் இதே உவமையைத்தான் 1889இல் ஸ்ரீபன் பேஜற் என்ற ஆங்கிலேய வைத்தியர் கையாண்டார். நோய்க்கலம் விதை, அது சென்று தங்கும் உறுப்பு மண். மார்பகப் புற்றுநோய்க்கும் ஆண்களின் புரொஸ்ரேற் சுரப்பிப் புற்றுநோய்க்கும் மிக வாய்ப்பான மண் எலும்பு.

மறைந்து கிடக்கும் இவ்விதையைக் காண்பது எவ்வாறு? விஞ்ஞானிகள் ஒளியை நாடினர். மின்மினி தன் உடலிலேயே ஒளியை ஆக்கிக்கொள்கிறது. புளோரொளிர்வு அத்தகையதன்று. வெளியொளியை உட்கொண்டு, வேறு நிறத்தில் திருப்பித் தருவது அது. புளோர்ஸ்பார் என்னும் கனிமத்தின் பெயரை அடியாகக் கொண்டு 1852இல் ஸ்ரோக்ஸ் அதற்குப் பெயரிட்டார். 1962இல் ஒசாமு ஷிமோமுரா ஒருவகைச் சொறிமுட்டையிலிருந்து பச்சையாய் ஒளிரும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். 2008இல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றார். அப்புரதத்துக்குரிய மரபணுவைப் புரொஸ்ரேற் புற்றுக்கலங்களில் புகுத்தி, சுண்டெலியின் எலும்பில் அவை பரவியதை அமெரிக்க ஆய்வாளர் 1999இல் கண்டனர். நீல ஒளி பட்டதும் நோய்க்கலங்கள் பச்சையாய் மினுங்கின.

சுண்டெலிக்கு இயன்றது மனிதருக்கு எளிதன்று. தோலையும் தசையையும் ஊடுருவி முள்ளந்தண்டு வரை சென்று மீள அவ்வொளிக்கு வலுவில்லை. எனவே நோயாளருக்கு எலும்பு ஸ்கான் செய்கின்றனர். ரெக்னீசியம்-99எம் கலந்த மருந்தை ஊசிமூலம் ஏற்றுவர். அதன் அரைவாழ்வுக்காலம் 6 மணித்தியாலம். எலும்பு பழுதுபட்டுப் புதிதாய்க் கட்டப்படும் இடத்தில் அது கூடுதலாய்ச் சேரும். அங்கிருந்து வெளிவரும் காமாக் கதிரைக் கமெரா பதிவுசெய்யும். எக்ஸ்றே படத்தில் தெரியுமுன்பே மாற்றம் இதில் தெரியக்கூடும். ஆனால் மூட்டுவாதமும் பழைய முறிவும் இவ்வாறே தோன்றலாம். ஆகவே ஸ்கானில் தெரியும் புள்ளியெல்லாம் புற்றுநோயன்று. வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

நம் ஊரில் நாரிநோ என்றால், "வரம்பு கட்டின அலுப்பு" என்று எண்ணெய் பூசிவிட்டுப் படுப்போம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்கு, இரவிலும் ஓயாத எலும்புவலி வந்தால் காத்திருத்தல் ஆகாது. கால்கள் திடீரெனச் சோர்ந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து திரட்டிய நிதி, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையாய் எழுந்தது. நமக்காகப் பிறர் அவ்வளவு தூரம் நடந்தார்கள். நம் வலியைச் சொல்ல நாம் கிளினிக் வரையாவது நடக்கலாகாதா?